பரணில் இருக்கிறதா?

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பிச்சையா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்குத் தலைவலி என்றாலே சட்டாம்பிள்ளை ஊர் முழுக்கத் தண்டோரா போட்டிருப்பான். உன் பெண் கல்யாணத்துக்கு வந்துபோன பிறகு ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டுவது இங்கே கேட்கிறது. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

எங்கள் வீட்டில் பத்து நாட்களாக யாரும் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. எல்லாம் கவிதாவால்தான். பத்தாம் வகுப்பில் 462 மதிப்பெண் வாங்கிய கையோடு, "பள்ளிக்கூடம் போதும், திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடம் நாயனம் படிக்கப் போகிறேன்" என்றாள். வீணை என்றிருந்தால் சரோஜா தெருவுக்கே பாயசம் கொடுத்திருப்பாள். வயலின் என்றிருந்தால் நானே கடை கடையாக ஏறி இறங்கியிருப்பேன். நாயனமாம், நாதஸ்வரம்!

போன வருடம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதுதான் வினை. தேரை விட்டுவிட்டு நாயனக்காரர் பின்னாலேயே ரத வீதி முழுவதும் நடந்தாள். கால் வலிக்கிறது என்று நான்தான் பாதியில் உட்கார்ந்தேன். பிறகு ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் கணக்கு டியூஷன் என்று சொல்லிவிட்டு, கோயிலில் வாசிக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் நாயனத்தைத் தொடவே விடவில்லையாம். அதன் நுனியில் செருகும் சீவாளியை மட்டும் கையில் கொடுத்து ஊதச் சொன்னாராம். இப்போது அது வீட்டுக்கே வந்துவிட்டது. அடுத்த வீட்டு அம்மாள் நேற்று, "வாத்து வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார்.

"பெண்பிள்ளை இப்படித் தம் பிடித்து ஊதினால் வயிறு என்ன ஆகும்?" என்பது சரோஜாவின் கவலை. கவிதா பதிலைத் தயாராக வைத்திருந்தாள். மதுரை பொன்னுத்தாய் ஊதவில்லையா, காலீஷாபி கணவரோடு சேர்ந்து வாசித்து 2020-க்கான பத்மஸ்ரீ வாங்கவில்லையா என்று. நான் வருமானக் கணக்கைப் போட்டேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மற்ற மாதங்களில் செண்டை மேளம் வந்துவிட்டது. கோயில் வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? செண்டை என்றதும் உன் நினைவு வந்தது. உன் பெண் கல்யாணத்திலேயே நீ அதைத்தானே வைத்தாய்! நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

கணக்கில் தப்பில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் வேறொன்று வந்து நிற்கிறது. மண்டபத்து மூலையில் கவிதா தோடி வாசிக்கிறாள். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் கதை பேசுகிறது. அந்தக் கூட்டத்தில் நானும் இருக்கிறேன். உன் அப்பா வாசித்த எத்தனை கல்யாணங்களில் நான் பந்தியில் இடம் பிடிக்க ஓடியிருக்கிறேன்? ஒரு தடவையாவது நின்று கேட்டேனா? 'கெட்டிமேளம்' என்று விரலை ஆட்டி அவருடைய ஆலாபனையைப் பாதியில் அறுத்தவர் என் சித்தப்பா. எங்கள் வீட்டுத் திண்ணையில் அவருக்குத் தனி டம்ளர் இருந்தது. இத்தனை வருடத்தில் நாம் இதைப் பேசியதே இல்லை. நாயனச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் கோட்டுமாக மேடையேறி உட்கார்ந்ததை வெறும் பகட்டு என்று நினைத்த மடையன் நான். அதே வாத்தியத்தை இன்று என் மகள் கலை என்கிறாள். அதற்குத் தலையாட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, சொல்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். எட்டாம் வகுப்பில் அப்பா இல்லாத நேரம் பார்த்து ஊதி, சீவாளி செருகும் உலோகக் கெண்டையை வளைத்து, முதுகு வீங்க வாங்கினாயே. "இது என்னோடு போகட்டும், நீ ரயில்வே பரீட்சை எழுது" என்றார். எழுதினாய், இன்னும் நான்கு வருடத்தில் பென்ஷன். அவர் செய்தது சரிதானா? கோவில்பட்டியில் நாயன மேதை காருகுறிச்சியார் சிலையைத் தாண்டிப் போகும்போது அதைப் பார்த்துவிட்டுப் போவாயா, முகத்தைத் திருப்பிக்கொள்வாயா?

இப்போதைக்கு ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கிறேன். பிளஸ் டூவை முடிக்கட்டும். அதுவரை விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியவரிடம் பாடம், கொண்டுபோய் விடுவது என் வேலை. அதன் பிறகு இசைப்பள்ளியோ, மதுரை இசைக்கல்லூரியோ, அவள் இஷ்டம். நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். நான்கு நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. பெரியவரும் முகம் சுளித்தார். அரைச் சுரங்களுக்கெல்லாம் இதில் தனித் துளை கிடையாது, உதட்டிலும் மூச்சிலும்தான் பிடிக்க வேண்டும், அதற்கு நாள் முழுக்கச் சாதகம் வேண்டும் என்கிறார். நான் கேட்கும் இரண்டு வருடம் அவளுக்கு எவ்வளவு நஷ்டம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெறும் சீவாளியை எத்தனை நாள் ஊதுவாள்? நரசிங்கம்பேட்டையில் சொல்லிப் புது நாயனம் செய்யலாம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தில்தான் இன்றும் கடைகிறார்களாம். 2022-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பணம் புரட்டிவிடுவேன். ஆனால் பெரியவர், "வாசித்துப் பழகின உலவுக் குழல் கிடைத்தால் நல்லது" என்றார். சொன்னதும் எனக்கு உங்கள் வீட்டுப் பரண்தான் ஞாபகம் வந்தது.

அப்பாவின் நாயனம் இருக்கிறதா? இரவலாகத்தான் கேட்கிறேன். கொடுக்க மனமில்லை என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். கேட்கும் உரிமைகூட எனக்கு உண்டா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். தனியாக வரட்டுமா, கவிதாவையும் அழைத்து வரட்டுமா என்று ஒரு வரி எழுது. போனில் சொல்லாதே, போனில் நீ எல்லாவற்றுக்கும் சரி என்பாய். சட்டாம்பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம்.

உன்,
சங்கரன்