டபிள்யூ.எஸ்.எம். 650: நாஷ்வில்லிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ராஜேந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் சின்னக்கடை வீதி வரை போய் வருகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலா கொல்லையில் வெண்டை போட்டிருக்கிறாள். டென்னசி வெயிலுக்குக் காய்த்துக் கொட்டுகிறது. மகள் மின்சாரக் கார் வாங்கிவிட்டாள். வண்டி அருமையாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதில் ஏஎம் ரேடியோ, அதாவது நம் மத்திய அலை, இல்லை.

நீ கேட்டதற்கு அங்கிருந்தே வருகிறேன். ஆகாசவாணி மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள், நீ எப்போது பார்த்தாலும் சொல்லும் அந்த நாஷ்வில் ஸ்டேஷன் டபிள்யூ.எஸ்.எம். மட்டும் எத்தனை நாளைக்கு என்று எழுதியிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

முதலில் கார் விஷயம். மின்சாரக் காரில் மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர், ஏஎம் அலைகள் வரும் அதே பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். கேபிளுக்குச் சரியான உறை போட்டு, ஃபில்டர் வைத்தால் அடக்கிவிடலாம். இத்தனை வருஷம் வண்டி உதிரிபாகத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், இது செய்ய முடியாத காரியம் இல்லை, செலவு பிடிக்கும் காரியம். அந்தச் செலவைத் தவிர்க்க டெஸ்லா, பிஎம்டபிள்யூ, வோல்வோ போன்ற கம்பெனிகள் மின்சார மாடல்களில் ஏஎம்-ஐயே எடுத்துவிட்டன. 2023 இல் ஃபோர்டு இன்னும் ஒரு படி மேலே போய், பெட்ரோல் வண்டிகளிலும் எடுக்கப் போகிறோம் என்றது. எதிர்ப்பு வலுத்ததும் அந்த ஆண்டு மே மாதமே பின்வாங்கியது. எல்லா வண்டியிலும் ஏஎம் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவும் அதே மாதம் வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கொண்டுவந்தது. அது நிறைவேறாமலே அந்த அவை கலைந்தது, 2025 தொடக்கத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு நானும் ஒரு கடிதம் போட்டேன்.

யாருக்கு இது வேண்டும் என்று மகள் கேட்டாள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் பக்கத்து வட கரோலினா மலைப் பகுதியைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். செல்போன் இல்லை, இன்டர்நெட் இல்லை, கரன்ட் இல்லை. ஆஷ்வில்லில் 570 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் டபிள்யூ.டபிள்யூ.என்.சி. என்ற ஏஎம் நிலையத்தைத்தான் ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாலம் போயிற்று, எங்கே தண்ணீர் கொடுக்கிறார்கள், யார் யாரைத் தேடுகிறார்கள் என்று அதில் இரவும் பகலும் சொன்னார்கள். அமெரிக்கத் தென்மாநிலக் கிராமங்களில் பிறந்த கன்ட்ரி இசையின் ஆதிப் பாடகர்களில் ஒருவரான ஜிம்மி ராட்ஜர்ஸ் 1927 இல் பாடிய நிலையம் அது. இதை மகளிடம் சொன்னதும் அவள் வேறொன்றும் பேசவில்லை.

இனி நம் டபிள்யூ.எஸ்.எம்., 650 கிலோஹெர்ட்ஸ். நீ இதை ஒரு பழைய பாட்டு ஸ்டேஷன் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றுகிறது. இதை ஆரம்பித்ததே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. நேஷனல் லைஃப் என்று பெயர். டபிள்யூ, எஸ், எம் என்ற மூன்று எழுத்தும் ‘வீ ஷீல்ட் மில்லியன்ஸ்’, அதாவது லட்சக்கணக்கானோருக்கு நாங்கள் காப்பு என்கிற அவர்கள் வாசகத்தின் சுருக்கம். நம் ஊர் எல்ஐசி ஏஜென்ட் மாதிரி வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்ன பாலிசி விற்ற கம்பெனி அது. சனிக்கிழமை ராத்திரி ரேடியோவில் பிடில் கேட்ட குடும்பம், திங்கட்கிழமை கதவைத் தட்டுகிற ஏஜென்டுக்கு நாற்காலி போடும். வியாபாரக் கணக்கில் பிறந்ததுதான். அதனால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

1925 அக்டோபர் 5 இல் ஒலிபரப்பு தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 28 இல் ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர், 77 வயதான ஜிம்மி தாம்சன் என்கிற பிடில்காரரை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார். பெரியவர் ஒரு மணி நேரம் ஓயாமல் வாசித்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் வாரா வாரம் மேடையிலிருந்து நேரடியாக ஒலிபரப்பாகும் கன்ட்ரி இசை நிகழ்ச்சியான ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’. அந்தப் பெயர் 1927 இல் வந்தது. 2025 இல் நிலையத்துக்கும் நிகழ்ச்சிக்கும் நூறு ஆண்டு நிறைந்தது. நடுவில் 1947 இல் இந்த நிலையத்து இன்ஜினியர்கள் சிலர் ஒரு ஓட்டலுக்குள் ரெகார்டிங் ஸ்டுடியோ போட்டார்கள். நாஷ்வில்லில் இசைத்தட்டுத் தொழில் வேர்விட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ‘மியூசிக் சிட்டி’ என்று இந்த ஊரை முதலில் அழைத்ததாகச் சொல்லப்படுகிற டேவிட் காப், இதே நிலையத்து அறிவிப்பாளர்தான். ஒரு ரேடியோ ஸ்டேஷன் ஒரு ஊரின் பிழைப்பையே மாற்றியது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

அதன் கோபுரம் பிரென்ட்வுட்டில், ஐ-65 சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும். நடுவில் அகன்று, மேலும் கீழும் குறுகிய வைர வடிவம். 1932 இல் 50,000 வாட் சக்தியோடு எழுப்பியபோது 878 அடி. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த உயரமே தொலைதூரத்தில் அலையை அலை தின்னும்படி செய்கிறது என்று தெரிந்தது. 1939 இல் 808 அடியாகக் குறைத்தார்கள். அதன் பக்கத்திலேயே ரயில் பாதை. 1930களில் அங்கே ஒரு மைக் வைத்து, சாயங்காலம் பான்-அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடக்கும்போது அதன் ஊதலை நேரடியாக ஒலிபரப்பினார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, ஒரு ரயில் போகிற சத்தம். பல வருஷம், தினமும். நம் வீட்டுப் பின்னால் லால்குடி பாசஞ்சர் போனால் மணி பார்த்தவர்கள் நாம். இந்த அருமை உனக்குப் புரியும்.

இரவில் இதன் வீச்சே வேறு. பகலில் ஏஎம் அலையை விழுங்கிவிடும் வளிமண்டல அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிட, அலைகள் மேலே போய்ப் பட்டுத் திரும்பிப் பல நூறு மைல் தள்ளி இறங்கும். இலங்கை வானொலியின் மத்திய அலையை ராத்திரியில் முள்ளை மயிரிழை அளவுக்குத் திருப்பித் திருப்பிப் பிடித்தோமே, அதே சங்கதிதான். 650 இல் இரவில் குறுக்கே வேறு பெரிய நிலையம் வராமல் சட்டப்படி பாதுகாப்பும் உண்டு. ரால்ஃப் எமெரி என்பவர் 1957 முதல் 1972 வரை அந்த ராத்திரி நேரத்தைக் கையில் வைத்திருந்தார். கச்சேரி முடித்த பாடகர்கள் அப்படியே ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்து பேசுவார்கள். எங்கோ ஒரு மாநிலத்தில் லாரி ஓட்டுகிறவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது அந்தக் கேட்பு கஷ்டமாகிவிட்டது, மறைக்கவில்லை. எங்கள் சமையலறையில் எல்இடி விளக்கைப் போட்டாலே ரேடியோ கரகரக்கும். போன் சார்ஜரைச் செருகினால் இன்னொரு ஊளை. விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய், பக்கவாட்டில் கொஞ்சம் திருப்பி வைத்தால் ஸ்டீல் கிட்டார் தெளிவாக எழுந்து வருகிறது. கமலா இருட்டிலேயே தோசை வார்ப்பாள்.

கேட்பவர்கள் குறைந்ததால் இது மூடப்பட்டுவிடும் என்று நான் பயப்படவில்லை. வேறு இடங்களில் நடந்ததைப் பார். சிகாகோவில் டபிள்யூ.எல்.எஸ்., மேற்கு வர்ஜீனியாவில் டபிள்யூ.டபிள்யூ.வி.ஏ., லூசியானாவில் கே.டபிள்யூ.கே.ஹெச்., டெக்சஸில் டபிள்யூ.பி.ஏ.பி. என ஒரு காலத்தில் கன்ட்ரி இசைக்குக் கொடிகட்டிப் பறந்தவை எல்லாம் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் மாறிவிட்டன. 2001-02 வாக்கில் இங்கேயும் அப்படி ஒரு பேச்சு கிளம்பியது. 650-ஐ விளையாட்டு நிலையமாக மாற்றலாமா என்று அப்போதைய முதலாளிகள் யோசித்தார்கள். கேட்பவர்களும் கலைஞர்களும் வாசலில் வந்து நின்றார்கள். 2002 ஜனவரியில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். மற்ற நிலையங்கள் போனபின்னும் இது நின்றதற்குக் காரணம் பழைய இசைத்தட்டு இல்லை. அதை இன்றைக்கு யாரும் போனில் தேடிக் கேட்கலாம். இங்கே ஒரு மேடை உயிரோடு இருக்கிறது. வாரா வாரம் ஆட்கள் வந்து வாசிக்கிறார்கள், அது உடனுக்குடன் காற்றில் போகிறது.

ஓப்ரி அரங்கத்துக்கு நீ வந்தால் முதலில் மேடைக்கு ஓரமாக நிற்கிற அறிவிப்பாளரைப் பார். விளம்பரத்தைக்கூட அங்கேயே நின்று, கையில் தாள் வைத்துக்கொண்டு படிக்கிறார். ஒரு பாடகர் முடிக்கும்போதே அடுத்தவரின் ஆட்கள் கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். மேடை நடுவில் ஆறடி அகல வட்டமாக ஓக் மரப் பலகை, ஓப்ரி முன்பு நடந்த ரைமன் அரங்க மேடையிலிருந்து வெட்டி எடுத்துவந்து பதித்தது. 2010 மே வெள்ளத்தில் அந்த மேடையே தண்ணீருக்குள் போய்விட்டது. பலகையைக் காயவைத்துப் பழுதுபார்த்து மறுபடி பதித்தார்கள். செப்டம்பர் 28 இல் அரங்கம் திறந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஊரில் கிடைத்த அரங்கில் எல்லாம் நிகழ்ச்சியை நடத்தினார்கள். அரங்கத்துக்குப் பக்கத்து ஓட்டலில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்த நிலையத்தின் ஸ்டுடியோவும் போய்விட்டதால், நிலையத்து ஆட்கள் கோபுரத்தடியில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் கட்டடத்துக்குள் உட்கார்ந்து ஒலிபரப்பினார்கள். கொரோனா காலத்தில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடினார்கள். சனிக்கிழமை ஒலிபரப்பு நிற்கவில்லை.

எனக்கு இருக்கும் கவலை முதலாளியின் கணக்கைப் பற்றியது. அந்தக் காலத்தில் ரேடியோதான் ஓப்ரியைப் பெற்று வளர்த்தது. இப்போது பிள்ளை சம்பாதிக்கிறது, தாய் அதன் வீட்டில் இருக்கிறாள். டிக்கெட்டு, ஓட்டல், சுற்றுலா என்று பணம் அங்கே வருகிறது. ஓப்ரியை உலகத்துக்குக் கொண்டுபோக இணையமே போதும், ஐம்பதாயிரம் வாட்டுக்குக் கரன்ட் பில் எதற்கு என்று ஒருநாள் யாராவது கேட்கலாம். நிலமும் சும்மா இல்லை. மேரிலாந்தில் பெதெஸ்டா என்ற ஊரில் டபிள்யூ.எம்.ஏ.எல். நிலையத்தின் கோபுரங்கள் நின்ற இடத்தை வீடு கட்ட விற்றார்கள். 2020 இல் கோபுரங்களைச் சாய்த்தார்கள். பிரென்ட்வுட்டில் மனை விலை கேட்டால் தலை சுற்றும். கோபுரம் 2011 இல் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் தனியார் சொத்தை இடிக்கவிடாமல் தடுக்காது. இங்கே பலருக்கு இது தெரியவில்லை.

இணையத்தில் கேட்கலாமே என்கிறார்கள். கேட்கலாம், உனக்கு அதைத்தான் சிபாரிசு செய்யப் போகிறேன். ஆனால் அதற்குப் போன் வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும், சிக்னல் வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கிழவனாருக்குப் பத்து டாலர் பெட்டியும் இரண்டு பேட்டரியும் போதும் என்கிற நிலைமையை ஏஎம் மட்டும்தான் கொடுக்கிறது. அவர் யார், என்ன கேட்டார் என்று யாரும் கணக்கெடுப்பதும் இல்லை. இது போனால் திரும்ப வராது. யாரும் புதிதாக 808 அடிக் கோபுரம் கட்டப் போவதில்லை.

இன்னொன்று ஆட்கள். எடி ஸ்டப்ஸ் என்று ஒருவர், தானும் பிடில் வாசிப்பவர், 2020 இல் ஓய்வு பெற்றார். ஒரு பாட்டைப் போட்டால் அதில் யார் எந்தக் கருவி வாசித்தார் என்று மதிப்போடு சொல்வார். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலுக்காக நாம் பெட்டியருகே உட்கார்ந்தோமே, அப்படி அவர் குரலுக்காக இங்கே கூட்டம் இருந்தது. அந்த மாதிரி ஆட்களை உருவாக்க இருபது முப்பது வருஷம் பிடிக்கும். இளைஞர்களை இப்போதே ராத்திரி நேரத்தில் உட்கார வைத்துப் பழக்க வேண்டும், கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. நிலையத்துக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

சரி, உனக்கு ஒரு வேலை. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு இங்கே ஓப்ரி தொடங்கும்போது உனக்கு ஞாயிறு காலை ஐந்தரை. எங்களுக்குக் குளிர்காலம் வந்தால் ஆறரை. எப்படியும் அந்த நேரத்துக்கு விழித்துத்தான் இருப்பாய். பேத்தியிடம் சொல்லி நிலையத்தின் இணைய ஒலிபரப்பைப் போனில் வைத்துக்கொள். விளம்பரம் வந்தாலும் எழுந்து போகாதே. யார் வாசித்தது பிடித்தது என்று எழுது, அவர்கள் பழைய பதிவுகள் சிலவற்றை இங்கிருந்து அனுப்புகிறேன்.

திருச்சி நிலையம் பற்றிப் பொன்மலை நண்பர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் கேட்டுச் சொல். டாக்டர் அடுத்து எப்போது வரச் சொன்னார்? செல்வியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்