பதின்ம வயதினருக்குப் பேய்க்கதை எழுதுவியுங்கள்: தமிழ்ச் சிறார் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் சிறார் நூல்களையும் இளையோர் நூல்களையும் வெளியிட்டுவரும் பதிப்பாளர்களுக்கும், அவற்றுக்கான கையெழுத்துப் படிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம்.

சிறிய ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவருபவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சென்ற அரையாண்டு விடுமுறையில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி எங்கள் சிறுவர் பகுதி அலமாரியின் முன் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு நூலாக உருவி, பின்னட்டையைப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே செருகினாள். கடைசியில் என் மேசைக்கு வந்து, "அக்கா, பயமாவும் இருக்கணும், படிக்கிறப்போ சிரிப்பும் வரணும். அந்த மாதிரி புக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். என்னிடம் இருந்தவை இரண்டே வகை. ஒன்று, முயலும் சிங்கமும் பேசி இறுதியில் நீதி சொல்லும் கதைகள். அவற்றை அவள் ஐந்தாம் வகுப்புக்கு முன்பே முடித்திருந்தாள். மற்றொன்று, பெரியவர்களுக்கென எழுதப்பட்ட மலிவுப்பதிப்பு மர்ம நாவல்கள். எங்கள் அலமாரியில் உள்ள அவ்வகை நாவல்களில் பேயாக வருபவள் பெரும்பாலும் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட பெண். பேய் வந்து அச்சுறுத்தும் பக்கங்களைவிட அக்கொடுமையை விவரிக்கும் பக்கங்களே அதிகம். பதினான்கு வயதுப் பெண்ணின் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் அன்று வெறுங்கையோடு திரும்பிப் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

பன்னிரண்டு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கென்றே, அச்சமும் அவல நகைச்சுவையும் கலந்த கதைகளைத் தமிழிலேயே எழுதுவித்து வெளியிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஆங்கிலத்தில் இதைக் 'கோதிக்' மரபு என்கிறார்கள். பூட்டிய மாளிகை, குடும்பத்தின் பழம்பாவம், கல்லறைத் தோட்டம், இறந்தவர்களின் பிடிவாதம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிக்கவும் வைக்கும் கதைகள் அங்கே இளையோருக்கெனத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. எங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் ஆங்கிலம் சரளமாகப் படிக்கக்கூடிய நான்கைந்து பேர் அங்கே போய்விடுகிறார்கள். மற்றவர்கள் கைப்பேசிக்குப் போய்விடுகிறார்கள்.

இது நம் மண்ணுக்கு ஒவ்வாத இறக்குமதிச் சரக்கு என்ற பேச்சைப் புத்தகக் கண்காட்சிகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் கலிங்கத்துப்பரணியை மறுபடியும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். முதலாம் குலோத்துங்கனின் காலத்தில், கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரை ஜெயங்கொண்டார் பாடியபோது, போரின் முடிவைப் பேய்களின் சமையற்கட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். கைகால் முளைத்த பனங்காடு போல் நிற்பவை அவருடைய பேய்கள். உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு மேலே எழும்பி நிற்கும். நேற்றைவிட இன்று மெலிந்திருக்கும். பசி தாங்காமல் காளியிடம் போய் அவை முறையிடுவதற்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு. போர் முடிந்ததும் அவை உடனே பிணங்களின்மேல் பாய்ந்துவிடுவதில்லை. சமைக்கத் தொடங்குமுன் பல் துலக்க வேண்டும். அதற்கு விழுந்து கிடக்கும் யானையின் தந்தம். நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. நகம் வெட்டிக்கொள்ள அம்பின் முனை. தலைக்குத் தேய்க்க யானையின் மதநீர், எண்ணெய்ப் பிசுக்குப் போக மூளைக் களி, அதன்பின் குருதி மடுவில் குதித்து நீச்சல். பிறகுதான் கூழ் அடுப்பேறுகிறது. மாண்டவர்களின் பற்களே அதற்கு அரிசி.

இந்த இடத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எளிய உரைநடையில் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். தந்தத்தால் பல் துலக்கும் வரியில் முகம் சுளித்தார்கள். விலா எலும்பு வந்தபோது வெடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பேய் செய்வது அத்தனையும் நம் வீட்டில் காலையில் எழுந்ததும் பாட்டி நம்மைச் செய்யச் சொல்லும் காரியங்கள்தான். பல் துலக்காமல் சாப்பிடக் கூடாது என்ற ஒழுங்கு பிணக்காட்டிலும் மாறாமல் இருக்கிறது. கொடூரத்தைச் சொல்லும்போது குரலை உயர்த்தாமல், குளியலறைச் சங்கதியைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போகிறார் புலவர். இன்று மேலைநாடுகளில் இளையோருக்காக அவல நகைச்சுவை எழுதுபவர்கள் கையாளும் உத்தியும் இதுவே. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழில் இவ்வளவு துல்லியமாகக் கையாளப்பட்ட ஒன்றை, நம் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கான மனப்பாடப் பகுதியாக மட்டும் அறிமுகப்படுத்துகிறோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவர் காரைக்கால் அம்மையார். அவருடைய திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பேய், கள்ளிக் கிளையின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, எரிந்து தீர்ந்த கொள்ளிக்கட்டையை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. வெடுவெடென்று சிரிக்கிறது, பிறகு தானே மிரண்டு, பக்கவாட்டில் பார்த்துத் துள்ளுகிறது. பிணம் எரியும் தீ சுட்டுவிட, சுளித்துக்கொண்டு புழுதியை அள்ளிப் போட்டு அதை அணைக்கப் பார்க்கிறது. கண்ணாடி முன் நின்று மை தீட்டும் பதினான்கு வயதுப் பெண் யாராக இருந்தாலும் அந்தப் பேயை உடனே அடையாளம் கண்டுகொள்வாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்தி இலக்கியமாக அதைப் போற்றுவதற்கு இது எவ்வகையிலும் தடையாகாது.

கோதிக் என்ற சொல் கதைக்கு வந்து ஒட்டிக்கொண்டதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட கலவையில்தான். 1764-இல் ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'யின் தொடக்கத்திலேயே, மணமகன் ஒருவன் திருமண நாளன்று வானத்திலிருந்து விழுந்த மாபெரும் தலைக்கவசத்தின் அடியில் நசுங்கிச் சாகிறான். மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில்தான் 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பு சேர்ந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மேரி ஷெல்லியின் வயது. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் அடைந்து கிடந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். அவ்வாறு 'பிராங்கன்ஸ்டைன்' கதையைத் தொடங்கியபோது மேரிக்கு வயது பதினெட்டு. 1818-இல் அது நூலாக வந்தபோது இருபது. பதின்ம வயதினருக்கு இவ்வகைக் கதை தாங்காது என்று சொல்பவர்கள், அவ்வகையின் தலைசிறந்த படைப்பைத் தொடங்கியவளே பதின்ம வயதினள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் ஊர்களில் இதற்கான களங்களுக்குக் குறைவே இல்லை. ஆண்டில் ஒருமுறை மட்டும் திறக்கப்படும் செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றன; பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் நீண்ட முகப்பில் கடல்கடந்த வணிகத்தின் கணக்கும் கண்ணீரும் இன்னமும் உறங்குகின்றன. மலைத்தோட்டங்களில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளில் வாழ்ந்து மடிந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது; கூரையிழந்த தேவாலயச் சுவர் இன்றும் மணலில் நிற்கிறது. கோதிக் கதை என்பது அடிப்படையில் இறந்தகாலம் நிகழ்காலத்தை விட மறுப்பதைப் பற்றிய கதை. வீட்டுப் பெரியவர்கள் எதைப் பேசாமல் மறைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் துடிக்கும் வயதுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. தனுஷ்கோடியில் இறந்தவர்களின் உறவினர்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பதால் அதை எழுதுபவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பையும் நல்ல ஆசிரியர் குழு ஒன்றால்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது என்ற ஆட்சேபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பகுத்தறிவுப் பிரசாரத்தால் பேயோட்டும் கொட்டகைகளிலிருந்து பெண்களை மீட்டெடுக்கப் பாடுபட்ட தலைமுறையின் கவலை அது. ஆனால் இன்று பிள்ளைகளிடம் பேய் எப்படி வந்து சேருகிறது என்று பாருங்கள். 'உண்மைச் சம்பவம்' என்ற முத்திரையோடு, ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் சேர்த்து, வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக வருகிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்படி ஒரு பதிவைக் கேட்டுவிட்டு எங்கள் நூலகத்தின் பின்பக்கக் கழிப்பறைக்குப் போக மறுத்தான். அவனுடைய அக்கா இரண்டு வாரம் அவனோடு கூடவே வந்து வாசலில் நின்றாள். கதை என்று அறிவித்துக்கொண்டு வரும் கதை அப்படிச் செய்வதில்லை. அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்கிறது, இது ஒருவர் புனைந்தது என்பது தெரிகிறது, வேண்டாமென்றால் மூடி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பல் துலக்கும் பேயைப் பார்த்துச் சிரித்த பிள்ளை அடுத்த நாள் பேயோட்டுபவரின் முன்னால் அவ்வளவு எளிதில் நடுங்காது.

அச்சம் பிஞ்சு மனத்தைக் கெடுக்கும் என்பது மற்றோர் ஆட்சேபம். மணிமேகலையில், சுடுகாட்டுக்குள் தனியே நுழைந்த சார்ங்கலன் என்ற சிறுவன் அங்கே பேயின் கூத்தைக் கண்டு அஞ்சி, ஓடிவந்து தாயின் முன் விழுந்து உயிர்விடுகிறான். தாய் கோதமை தெய்வத்திடம் நீதி கேட்கிறாள். போன உயிரைத் திருப்பித் தர எந்தத் தெய்வத்தாலும் இயலாது என்பதை அவளுக்குக் காட்டுவதில் அக்கதை முடிகிறது. அச்சத்தால் நேர்ந்த ஒரு சாவை வைத்தே அக்காப்பியம் சாவைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறது; ஒரு பிள்ளையிடம் அப்படிப் பேச நாம் யாரும் துணிவதில்லை. தாத்தா சாமியிடம் போயிருக்கிறார் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கொரோனா காலத்தில் வீட்டில் ஒருவரை இழந்து, முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன பிள்ளைகள் இன்று பதின்ம வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அச்சம் புதிதல்ல. அதைப் பேச ஒரு மொழிதான் அவர்களிடம் இல்லை.

இதனால் எதை வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று நான் சொல்லவில்லை. தற்கொலையை அழகாக்கும் கதை வேண்டாம். அதன் வழிமுறையை விவரிக்கும் கதை அறவே வேண்டாம். கொல்லப்பட்ட பெண்ணைக் கேலிப்பொருளாக்க வேண்டாம். ஒரு சாதியின் சேரியையோ சுடுகாட்டையோ அச்சத்தின் இருப்பிடமாகக் காட்ட வேண்டாம். பரணியிலேயே முடமான பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று உடற்குறையை வைத்துச் சிரிக்க வைக்கும் இடங்கள் உண்டு. அவற்றை இன்று அப்படியே எடுத்தாள வேண்டியதில்லை. நகைப்பு எப்போதும் வலியவரை நோக்கிப் பாயட்டும்: பேராசைபிடித்த பெரியப்பாவை, வட்டிக்கு விட்ட ஜமீன்தாரை, செத்த பின்னும் வரி கேட்கும் அதிகாரியை நோக்கி.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் அம்புலிமாமாவுக்காக வரைந்த கோடுகள் ஒரு தலைமுறையின் நினைவில் கதையைவிட ஆழமாகப் பதிந்திருக்கின்றன. அமெரிக்காவில் ஆல்வின் ஷ்வார்ட்ஸ் தொகுத்த பேய்க்கதை நூல்களுக்கு ஸ்டீபன் காம்மெல் வரைந்த மைப்படங்கள் அத்தகையவை. 1990-களில் அந்நாட்டு நூலகங்களில் மிக அதிகமான எதிர்ப்பைச் சந்தித்த நூல்வரிசை அது. 2011-இல் படங்களை மாற்றிச் சாந்தமான ஓவியங்களோடு வெளியிட்டார்கள். பழைய நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் பழைய படங்களே திரும்பிவந்தன. ஆகவே, பளபளக்கும் வண்ணத்தில் உருண்டைக் கண் பொம்மைகளை வரைவித்து அச்சத்தை இனிப்பாக்கிவிட வேண்டாம். நல்ல கறுப்பு மையும் ஓவியருக்கு உரிய ஊதியமும் போதும்.

பொது நூலகங்களுக்கு நூல் வாங்குவதற்கான அரசின் நூலக ஆணை கிடைக்காமல் போகுமோ என்ற தயக்கமே உங்களைப் பின்னிழுக்கிறது என்பதை அறிவேன். தேர்வுக்குழு 'பேய்' என்ற சொல்லைத் தலைப்பில் கண்டதும் ஒதுக்கிவிடும் என்று ஒரு பதிப்பாளர் என்னிடம் நேரிலேயே சொன்னார். அதற்காகக் கடைசிப் பக்கத்தில் நீதி ஒன்றை ஒட்டி அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை; எங்கள் நூலகப் பிரதிகளில் அந்தப் பக்கம் மட்டும் அழுக்குப்படாமல் இருக்கிறது. முதலில் ஐந்நூறு பிரதிகள் அச்சிடுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் பதினைந்து பிள்ளைகள் கூடுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் படியை அனுப்பினால், எந்தப் பக்கத்தில் பயந்தார்கள், எந்தப் பக்கத்தில் சிரித்தார்கள், எந்தப் பக்கத்தில் கைப்பேசியை எடுத்தார்கள் என்று குறித்துத் திருப்பி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இன்னும் வாரம் ஒருமுறை வருகிறாள். பள்ளியை முடித்து அவள் வெளியூர் போவதற்கு மூன்று ஆண்டுகள்கூட இல்லை. அதற்குள் அவள் கேட்ட நூலை அவளுடைய உறுப்பினர் அட்டையில் பதிந்து கொடுக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிளை நூலகர்