'நபுக்கோ'வுக்கு அந்தப் படம் வேண்டாம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி. வர முடியாமல் போனதற்கு வீட்டில் எல்லோரிடமும் என் சார்பில் ஒரு வார்த்தை சொல்லிவிடு. என் முழங்கால் வலியில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அதைப் பற்றி எழுதி உன் நேரத்தைப் போக்காமல் நீ கேட்டதற்கே வந்துவிடுகிறேன்.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'நபுக்கோ' என்ற ஓபராவை, அதாவது இசை நாடகத்தை, பற்றிய உன் கட்டுரையில், உன்னிடம் அட்டையாக உள்ள அவருடைய வெண்தாடிப் புகைப்படத்தைச் சேர்க்கலாமா என்றும், முதல் நாள் மேடையேற்றத்தில் அடிமைப்பட்ட எபிரேயர்கள் பாடும் 'வா, பென்சியேரோ' சேர்ந்திசைக்கு மக்கள் ஒன்ஸ் மோர் கேட்டுக் கொந்தளித்த கதையை எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டையுமே விட்டுவிடு என்பதுதான் என் யோசனை. படமும் கதையும் வெவ்வேறு விஷயங்களாகத் தோன்றினாலும் அவற்றில் உள்ள கோளாறு ஒன்றே: பிற்காலத்து வெர்டியை இளமைக்காலத்தின் மேல் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறோம்.

முதலில் படம். 'நபுக்கோ' மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் மேடையேறியது 1842 மார்ச் 9 அன்று. அப்போது வெர்டிக்கு வயது 28. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டே மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. புகழ்பெற்றவர்களின் முகங்களைச் சிறிய அட்டைகளில் ஒட்டிக் கடைகளில் விற்கும் வழக்கம், பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர் 1854-இல் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு பரவியது. அதற்குள் வெர்டி நாற்பதைத் தாண்டிவிட்டார். ஆகவே நாம் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் அந்த நரைத்த முகம் அவருடைய பிற்கால ஓபராக்களான 'அய்டா'வுக்கும் 'ஒத்தெல்லோ'வுக்கும் உரியதே தவிர, அடிமைப்பட்ட எபிரேயர்களின் பாடலை எழுதிய இளைஞனுக்கு உரியதன்று. 1840-களில் அச்சான கல்லச்சு உருவப்படம் ஒன்றைத் தேடிப் போடு. பார்ப்பதற்கு அவ்வளவு கம்பீரமாக இராவிட்டாலும் காலத்துக்குப் பொருந்தும்.

உன்னிடம் உள்ள அட்டையின் காலத்தை அறிய முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே உதவும். ஸ்டுடியோவின் பெயர், தெரு, பொருட்காட்சிகளில் வாங்கிய பதக்கங்கள் ஆகியவற்றை அக்காலத்தவர்கள் அங்கே பெருமையோடு அச்சடித்துக்கொண்டார்கள். கடைசிப் பதக்கத்தின் ஆண்டு எதுவோ, அந்த அட்டை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் இது அட்டையின் வயதை மட்டுமே சொல்லும். பழைய கண்ணாடித் தகட்டிலிருந்து பல ஆண்டுகள் படி எடுத்து விற்பது அவர்களுக்குச் சாதாரணம். பத்திரிகைப் படங்களில் சிக்கல் இன்னும் அதிகம். 1880-கள் வரை எழுத்துகளோடு சேர்த்துப் புகைப்படத்தை அச்சடிக்க வழியில்லாததால் செதுக்குபவர் ஒருவர் அதைப் பார்த்து மரக்கட்டையில் வெட்டினார். இடம் வலமாக மாறிய முகங்களும், செதுக்குபவரின் கைவண்ணத்தில் அடர்ந்துபோன தாடிகளும் அப்படி வந்தவைதான்.

இனிக் கதைக்கு வருகிறேன். ஆஸ்திரிய ஆட்சியின் தடையையும் மீறி மிலான் மக்கள் 'வா, பென்சியேரோ'வை மறுபடி பாடவைத்தார்கள் என்பது நீயும் நானும் எத்தனையோ முறை படித்தது. இசை வரலாற்றாய்வாளர் ரோஜர் பார்க்கர் 1842-ஆம் ஆண்டுப் பத்திரிகை விமர்சனங்களை எடுத்துப் பார்த்தபோது, மறுபடி பாடப்பட்டதாக அவற்றில் இருந்தது அந்தப் பாடல் அல்ல, இறுதியில் வரும் 'இம்மென்சோ யெகோவா' என்ற துதிப்பாடல். 1959-இல் வெளிவந்த பிராங்கோ அப்பியாத்தி எழுதிய வெர்டியின் நான்கு தொகுதி வாழ்க்கை வரலாற்றில்தான் ஒன்ஸ் மோர் இடம் மாறியிருந்தது. நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட பெரிய புத்தகத்தை எல்லோரும் நம்பினார்கள். அந்த வாரத்துப் பத்திரிகையைப் புரட்டத்தான் ஆளில்லை.

தணிக்கைக்கு அஞ்சிப் பத்திரிகைகள் உண்மையை மறைத்திருக்கலாமே என்று நீ வாதாடுவாய். மறைக்க நினைத்தவர்கள் அதே எபிரேயர்கள் பாடும் இன்னொரு பாடலுக்குக் கிடைத்த வரவேற்பை மட்டும் எழுதுவானேன்? நான் சந்தேகப்படுவது வேறோர் இடத்தில். அந்த ஆண்டு தொடங்கிய 'கஸெத்தா மூசிகாலே தி மிலானோ' என்ற இசைப் பத்திரிகையை நடத்தியவர்கள் வெர்டியின் பதிப்பாளர்களான ரிக்கோர்தி நிறுவனத்தார். தன் சரக்கைத் தானே புகழும் பத்திரிகையின் பாராட்டை ஒரு மாற்றுக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்திரிகைகளோடு வெர்டிக்கும் ஏழாம் பொருத்தம்தான். 1871-இல் 'அய்டா'வின் கெய்ரோ மேடையேற்றத்துக்கு விமர்சகர் பிலிப்போ பிலிப்பி அழைக்கப்பட்டதை அறிந்து, கலை வெறும் விளம்பரமாகிவிட்டது என்று அவருக்கே கசப்போடு எழுதினார். ஆனால் அடுத்த ஆண்டு நடந்த வேடிக்கையைப் பார். ரெஜ்ஜோ எமிலியா பகுதியைச் சேர்ந்த பெர்த்தானி என்பவர் பார்மாவுக்கு இரண்டு முறை போய் 'அய்டா' பார்த்து, பிடிக்காமல், ரயில் கட்டணம், நுழைவுச் சீட்டு, ரயில் நிலையத்தில் சாப்பிட்ட மோசமான இரவுச் சாப்பாடு என்று கணக்கெழுதி 31.80 லிரா கேட்டு வெர்டிக்கே கடிதம் போட்டார். வெர்டி ரிக்கோர்தி மூலம் 27.80 லிரா கொடுக்கச் சொன்னார். சாப்பாட்டைப் பெர்த்தானி தன் வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாம் என்பதால் அந்த நான்கு லிரா மட்டும் கிடையாது. இனி வெர்டியின் புதிய ஓபரா எதையும் பார்க்க வரமாட்டேன் என்று பெர்த்தானி எழுதியும் தர வேண்டும்! கடிதம் பத்திரிகைகளில் வெளியானதும் ஊரே சிரித்தது. விளம்பரத்தை வெறுத்தவர் விளம்பரத்தை நன்றாக அறிந்தவராகவும் இருந்தார் என்றே எனக்குப் படுகிறது.

'வா, பென்சியேரோ' எப்போது நாட்டின் பாடலாயிற்று என்று எழுத விரும்பினால் 1901-ஆம் ஆண்டுச் செய்திகளுக்குப் போ. ஜனவரி 27 அன்று மிலானில் ஒரு ஹோட்டல் அறையில் வெர்டி இறந்தார். அதற்கு முந்தைய நாட்களில் வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்காதிருக்கத் தெருவில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அவர் விரும்பியபடியே அடக்கம் எளிமையாக நடந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, இசைக்கலைஞர்களுக்காக அவர் கட்டிய முதியோர் இல்லத்துக்கு உடலை மாற்றியபோது, இசை நடத்துநர் டோஸ்கனினி நடத்த எண்ணூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து அந்தப் பாடலைப் பாடினார்கள். இத்தாலி ஒன்றுபட்டு நாற்பதாண்டுகள் ஆகியிருந்த அன்றைய உணர்ச்சியை 1842-க்குக் கொண்டுபோகாமல் 1901-க்கே விட்டுவிட்டால் உன் கட்டுரையில் யாரும் குறை சொல்ல முடியாது.

வெண்தாடிப் படம் போட்டே தீர வேண்டுமானால், இந்தக் கடைசிப் பகுதியில், வெர்டியின் கிராமத்து வீடான சாந்தகாதாவின் தோட்டத்தில் 1900-இல் எடுத்ததைப் போடு. எட்டுப் பேரில் நால்வர் அமர்ந்திருக்கிறார்கள், நால்வர் நிற்கிறார்கள். லா ஸ்காலாவில் அய்டாவாகப் பாடிய தெரேசா ஸ்தோல்ஸும் பதிப்பாளர் ஜூலியோ ரிக்கோர்தியும் நிற்பவர்களில் இருக்கிறார்கள். மனைவி ஜுசெப்பினா இல்லை; அவர் 1897-இல் இறந்துவிட்டார். படக்குறிப்பில் எட்டுப் பெயர்களையும் வரிசை மாறாமல் போடச் சொல். இதழ்களில் வெர்டியின் பெயரை மட்டும் போட்டுவிட்டு மற்றவர்களை 'நண்பர்கள்' என்று முடித்துவிடுகிறார்கள்.

உன் அட்டையின் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. ஓரங்களை வெட்டிவிடாதே, பதக்கங்கள் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
ராமநாதன்