உலக சாம்பியன்ஷிப்னு போடுங்க, என் வயசையும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்துல, ஸ்பெயின்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல இந்தியாவுக்காக களமிறங்கின சென்னைக்காரர்னு ஒரு செய்தி போட்டோவோட வந்துச்சே, அந்த போட்டோல ஹெல்மெட்ட கையில வச்சுக்கிட்டு பல்லைக் காட்டிட்டு நிக்கிறது நான்தான். போட்டதுக்கு ரொம்ப நன்றி. வீட்ல அதை கட் பண்ணி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியாச்சு, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல கும்பிடு எமோஜியா வந்து குவியுது, கேட்ல செக்யூரிட்டி அண்ணன் சல்யூட் வேற வைக்கிறாரு. செய்தியில பொய்னு ஒரு வரி கூட கிடையாது, ஆனா படிச்ச அத்தனை பேரும் என்னை ஏதோ நீரஜ் சோப்ரா ரேஞ்சுக்கு நினைச்சுக்கிட்டாங்க, அதான் உறுத்துது, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதல்ல இந்தப் போட்டி என்னன்னு சொல்லிடறேன், உங்க செய்தியில அது ஒரு வரியில முடிஞ்சு போச்சு. பேரு அக்வாபைக். ட்ரையத்லான் தெரியும்ல, நீச்சல், சைக்கிள், ஓட்டம், 2000 சிட்னியில இருந்து ஒலிம்பிக்ல இருக்கு. அதுல கடைசி ஓட்டத்தை வெட்டிட்டா அக்வாபைக், நீந்தி முடிச்சு சைக்கிள் மிதிச்சு இறங்கினா கதை முடிஞ்சுது. இது ஒலிம்பிக்ல கிடையாது. இதுல வர்ற ஆளுங்களைப் பார்த்தீங்கன்னா பாதிப் பேருக்கு முட்டி போயிருக்கும், இல்லன்னா இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கும், ஒரு காலத்துல மாரத்தான் ஓடினவங்கதான் டாக்டர் திட்டி நிறுத்தினதும் இந்தப் பக்கம் ஒதுங்குவாங்க. நானும் அந்த கோஷ்டிதான். முட்டியில ஜவ்வு கிழிஞ்சு, இனிமே ரோட்ல ஓடுறத பார்த்தா நானே கால ஒடைச்சிருவேன்னு டாக்டர் சொன்னப்புறம் நீச்சலும் சைக்கிளும் மட்டும்தான் மிச்சம்.

அடுத்து இந்த உலக சாம்பியன்ஷிப் மேட்டர். ட்ரையத்லான் உலகத்துல ரெண்டு வகை ஆளுங்க. ஒண்ணு எலீட், அவங்க தொழில்முறை, பாயின்ட்ஸ், ரேங்கிங், டீம், கோச்னு தனி ரூட். இன்னொண்ணு ஏஜ் குரூப், அதாவது என்னைய மாதிரி ஆபீஸ் போய்ட்டு வந்து ப்ராக்டிஸ் பண்றவங்க. அஞ்சு அஞ்சு வயசா பிரிச்சு வச்சிருப்பாங்க, போட்டி நடக்கற வருஷம் டிசம்பர் 31ல உங்க வயசு என்னவோ அதுதான் கணக்கு, 50-54, 55-59, 60-64னு மேல போய்க்கிட்டே இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஆண் பெண் தனித்தனியா சாம்பியன், தனித்தனி மெடல். ஆக ஒரே நாள்ல ஒரே ரோட்ல டஜன் கணக்குல உலக சாம்பியன்கள் உருவாகிடுவாங்க. தப்பா சொல்லல, அவங்க எல்லாம் நிஜமாவே பயங்கரமான ஆளுங்க. ஆனா பேப்பர்ல சும்மா உலக சாம்பியன்ஷிப்னு போட்டா இதுல ஒரு சொட்டு கூட படிக்கிறவனுக்குப் போய்ச் சேராது.

எப்படி தேர்வானீங்கன்னு நிறைய பேரு கேட்கறாங்க. அமெரிக்காவுல, இங்கிலாந்துல எல்லாம் உள்ளூர் போட்டியில குறிப்பிட்ட இடம் வந்தாதான், இல்ல குறிப்பிட்ட நேரத்துக்குள்ள முடிச்சாதான் இதுக்குப் போகவே முடியும், அங்க ஒரு சீட்டுக்கு அடிதடி. என் விஷயத்துல எனக்கு முன்னாடி முண்டியடிச்ச கூட்டம் எதுவும் இல்ல, கேட்டேன், கிடைச்சுது, எண்ட்ரி ஃபீஸ், டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாம் என் காசு. போட்டுக்கிட்ட ட்ரெஸ்ல நெஞ்சுல இந்தியானு பெருசா இருந்துச்சே, அது ஏஜ் குரூப்காரங்களும் நாட்டு ட்ரெஸ்லதான் ஓட்டணும்னு வச்சிருக்கற வழக்கம், அதையும் நானே துட்டு குடுத்துத்தான் தச்சேன். அந்த ஒரு போட்டோவைப் பார்த்துட்டுத்தான் உங்க ரிப்போர்ட்டர் தம்பி இந்தியாவுக்காகன்னு எழுதியிருப்பாரு, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, போன ஊர்ல என்ன நடந்துச்சுன்னும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா செய்தியில விட்டுப்போனதே அதுதான். 2025 ஜூன்ல பொன்தெவெத்ரான்னு ஒரு ஊரு, ஸ்பெயினோட வடமேற்கு மூலையில, கலீசியா பக்கம், போர்ச்சுகல் எல்லைக்கு கொஞ்சம் மேல. பழைய ஊருக்குள்ள காரே விடுறதில்ல, 1999லயே நிறுத்திட்டாங்களாம், தெருவுல குழந்தைங்க பந்து விளையாடுது, நடுவுல முதுகுல மூட்டையோட, மூட்டையில சிப்பி தொங்கவிட்டுக்கிட்டு சந்தியாகோங்கற ஊர்ல இருக்கற சர்ச்சுக்கு நடந்து போற யாத்திரைக்காரங்க. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கு, எனக்கு தூக்கமே வரல. ட்ரையத்லான்ல பெரிய பேரான ஹாவியர் கோமெஸ் நோயா வருஷக்கணக்கா ப்ராக்டிஸ் பண்ணின ஊரு அது, லேரெஸ்னு ஒரு ஆறு ஊர் நடுவுல போகுது, அதுலதான் எங்களை இறக்கிவிட்டாங்க.

ஆனா அதுக்கு முன்னாடி சைக்கிள அங்க கொண்டு போய் சேர்க்கறதே தனிப் போட்டி. பெட்டியில அடைக்கறதுக்கு ரெண்டு பெடலையும் கழட்டணும், இடது பெடலுக்கு மறை தலைகீழா இருக்கும், அதைத் தெரியாம பலம் போட்டு திருகினா இன்னும் இறுகிக்கும். சீட்டு, ஹேண்டில்பார், பின்னாடி கியர் மாத்துற டிரெயிலூர் எல்லாத்தையும் பிரிச்சு, பழைய பெட்ஷீட் சுத்தி, டயர்ல காத்தை இறக்கி, எடை 23 கிலோவுக்குள்ள வருதான்னு பாத்ரூம் தராசுல நானும் பெட்டியும் சேர்ந்து ஏறி நின்னு கழிச்சுப் பார்த்தோம். ஏர்போர்ட் கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு உள்ள கீபோர்டா சார்னு கேட்டுச்சு.

அடுத்தது வெட்சூட், குளிர் தண்ணியில நீந்தறதுக்கு உடம்போட ஒட்டிப் போட்டுக்கற ரப்பர் ட்ரெஸ். சென்னையில நீச்சல் குளத்துத் தண்ணி பாதி வருஷம் வெந்நீரா இருக்கும், நமக்கு அந்த ரப்பர் சட்டைக்கு என்ன வேலை. அங்க தண்ணி 16 டிகிரிக்கு கீழ போனா அது கட்டாயம், ரொம்ப சூடா இருந்தா தடை, நடுவுல இருந்தா உங்க இஷ்டம். அதுக்குள்ள காலை நுழைக்கறதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு, பாதத்துல பிளாஸ்டிக் கவர மாட்டிக்கிட்டு நுழைச்சா வழுக்கிக்கிட்டு போகும், பக்கத்துல நின்ன ஒரு ஐரிஷ் தாத்தா ஜவுளிக்கடை கவர் மாதிரி ஒண்ண குடுத்து சொல்லிக் குடுத்தாரு. கழுத்தைச் சுத்தி வாஸலின் அப்பிக்கணும், இல்லன்னா உப்புக்காகிதம் தேய்ச்ச மாதிரி உரிஞ்சிடும். தண்ணியில மூஞ்சிய வச்ச உடனே மூச்சு நின்னு போற மாதிரி ஒரு பயம் வரும், குளிர்ல எல்லாருக்கும் வர்றதுதான், கொஞ்ச நேரம் மல்லாக்க மிதந்து மூச்சை வெளிய விட்டா சரியாகிடும். அப்புறம் ஒரே அடிதடி, ஒருத்தர் கை உங்க கண்ணாடி மேல, உங்க கால் இன்னொருத்தர் மூக்கு மேல, யாரும் ஸாரி சொல்றதில்ல.

கரையேறி சைக்கிள் எடுக்கற இடத்துல ரூல் ரொம்ப கறார். ஹெல்மெட் பட்டைய க்ளிப் போட்டு மாட்டாம சைக்கிள தொடக்கூடாது, முடிச்சு வந்து சைக்கிள ஸ்டாண்டுல மாட்டுறதுக்கு முன்னாடி பட்டைய கழட்டவும் கூடாது, நடுவர் ஒருத்தர் நம்ம தாடையவே பார்த்துக்கிட்டு நிப்பாரு. ரோட்ல முன்னாடி போறவர ஒட்டிக்கிட்டு காத்து மறைவுல போகக் கூடாது, நீளமான போட்டியில 12 மீட்டர் இடைவெளி, முந்தறதா இருந்தா 25 செகண்டுக்குள்ள முந்தி முடிச்சிடணும். நமக்கு ஈ.சி.ஆர்ல விடிகாலை கூட்டமா ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒட்டிக்கிட்டு போய் பழக்கம், அதுவும் ஈ.சி.ஆர் தோசைக்கல்லு மாதிரி தட்டை. கலீசியாவுல ரோடு ஏறும் இறங்கும் திரும்ப ஏறும். ஏலகிரிக்கு போய் அந்த 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஏறி பழகிக்கிட்டது கொஞ்சம் கை குடுத்துச்சு. இருந்தாலும் ஒரு ஏத்தத்துல நான் நாக்கு தள்ளி மிதிச்சுக்கிட்டு இருக்கும்போது காலுல 70-74ன்னு வயசுப் பிரிவு எழுதின ஒரு அம்மா என்னை சத்தமில்லாம தாண்டிப் போனாங்க. கமான் இந்தியான்னு ஒரு குரல் வேற குடுத்துட்டுப் போனாங்க.

அந்த அம்மாவைப் பத்தி யாராவது எழுதினா நான் காசு குடுத்து அந்தப் பேப்பர் வாங்குவேன். ஹவாயில நடக்கற அயர்ன்மேன் போட்டிய ஜப்பான்காரர் ஹிரோமு இனாடா 2018ல 85 வயசுல முடிச்சாரே, 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம், அந்தச் செய்தி உலகம் முழுக்க வந்துச்சு, எல்லாரும் வயசைத்தான் முதல்ல எழுதினாங்க. அதுதான் அங்க செய்தியே.

என் ரிசல்ட்டை நீங்க கேட்கல, நானே சொல்லிடறேன். என் பிரிவுல பாதிக்கு கீழ. முதல்ல வந்தவர் குளிச்சு சாப்பிட்டு கிளம்பற நேரத்துக்கு நான் வந்து சேர்ந்தேன். எனக்கு அது பெரிய சந்தோஷம்தான், முட்டி கிழிஞ்ச மனுஷன் முடிச்சதே பெருசு. ஆனா அது என் சந்தோஷம், நாட்டோட சாதனை இல்ல.

உறுத்தலுக்கு காரணம் சொல்றேன் ஐயா. நான் நீந்தற குளத்துல விடிகாலையில பசங்க பேட்ச் ஒண்ணு வரும். அதுல ஒரு பொண்ணு, பத்தாவது படிக்குது, நான் ஒரு லேப் முடிக்கறதுக்குள்ள அது ஒண்ணே முக்கால் போய்டும். அப்பா வெளிய ஸ்கூட்டர்ல டிபன் டப்பாவோட உட்கார்ந்திருப்பாரு, ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்குப் போகணும். மாநிலப் போட்டியில மெடல் வாங்கின பொண்ணு அது, பேப்பர்ல வந்தது எப்படின்னா ரிசல்ட் பட்டியல்ல பொடி எழுத்துல பேரும் நேரமும், அவ்வளவுதான். அதோட அம்மா செய்தி வந்த மறுநாள் என்கிட்ட வந்து, சார் நீங்கதானே பேப்பர்ல வந்தவங்க, இந்தியாவுக்கு ஆடறதுக்கு எங்க பொண்ணு என்ன செய்யணும்னு கொஞ்சம் சொல்லுங்கன்னு கேட்டாங்க. எனக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கறதுன்னு தெரியல. அந்தப் பொண்ணு போக வேண்டிய ரூட்டும் நான் போன ரூட்டும் ஒண்ணே இல்லன்னு அவங்களுக்குப் புரிய வைக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு, புரிஞ்சுதான்னு இன்னும் சந்தேகம்தான்.

இன்னொருத்தர், விளையாட்டு வீரர்களுக்கு பண உதவி பண்றதுக்காக 2023ல அரசு ஆரம்பிச்ச தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு அப்ளை பண்ணுங்க சார், பேப்பர் கட்டிங்கை இணைச்சா போதும்ங்கறாரு. மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு சொந்த ஆசைக்கு ஸ்பெயின் போய்ட்டு வந்தவன் அந்த வரிசையில போய் நின்னா நல்லாவா இருக்கும்? 2022 பர்மிங்காம் காமன்வெல்த்ல பிரக்ஞா மோகன்னு ஒரு குஜராத் பொண்ணு இந்தியா சார்பா ட்ரையத்லான்ல இறங்குச்சு, அது எலீட், அது நிஜமாவே நாட்டு டீம். எங்க அபார்ட்மென்ட்ல கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் அந்தப் பேரு தெரியல, என் பேரு எல்லாருக்கும் தெரியுது.

அமெச்சூர் ஆளுங்க செய்தியே போடாதீங்கன்னு சொல்லல. போடுங்க, அம்பது தாண்டின நாலு பேரு படிச்சுட்டு குளத்துல இறங்கினா நல்லதுதானே. போடும்போது எலீட்டா ஏஜ் குரூப்பா, எந்த வயசுப் பிரிவு, அந்தப் பிரிவுல எத்தனை பேர்ல எத்தனாவது, எவ்வளவு நேரம், செலவு யாரு, இதை மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்க, ரெண்டு வரிக்கு மேல ஆகாது. மழுப்பினாங்கன்னா ரிசல்ட் இன்டர்நெட்லயே இருக்கும், வயசுப் பிரிவு வாரியா, ரெண்டு நிமிஷத்துல பார்த்துடலாம். என் செய்திக்கும் அப்படி ஒரு திருத்தம் போட்டா நல்லது, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல அதுக்கும் இடம் இருக்கு. அப்புறம் உங்க ரிப்போர்ட்டர் தம்பிய ஒரு நாள் காலையில அஞ்சரைக்கு எங்க குளத்துப் பக்கம் அனுப்பி வைங்க, ஸ்டாப்வாட்ச் கையில இருக்கட்டும், எந்த லேன்ல பார்க்கணும்னு நான் காட்டறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை.