நைட்ரோ வண்டியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை விட்டால் பிள்ளைகள் செல்போனிலேயே கிடக்கிறார்கள் என்று இந்தப் பகுதியில் அடிக்கடி கடிதம் வருகிறது. எங்கள் வீட்டில் இந்த மே மாதம் வேறு மாதிரிப் போனது. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் வாங்கி வந்து, இரண்டு வருடம் ஓட்டி, அப்புறம் பரணில் ஏற்றிவிட்ட நைட்ரோ ரிமோட் டிரக் (குட்டி இன்ஜின் வைத்து ரிமோட்டில் ஓட்டும் பொம்மை டிரக்) தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பல வீடுகளில் இருக்கும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது. நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவு, 3.5 சிசி இன்ஜின். பெட்ரோலில் ஓடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இதில் ஊற்றுவது பெரும்பங்கு மெத்தனால், அதோடு நைட்ரோமீத்தேன், உயவுக்குக் கொஞ்சம் எண்ணெய். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கும் மேல் உயிரைக் குடித்தது இதே மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போய்விடும், தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலைகூடக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அந்த கேனைப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் வைத்திருந்தோம் என்று நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பதறுகிறது.

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடித்ததும் எரிபொருளை வடித்துவிட்டு எண்ணெய் விட்டு வைக்காவிட்டால் பேரிங் துருப்பிடித்துவிடும், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் நம்ம ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். எங்கள் வண்டிக்கு நடந்தது அதுதான், ஒரு மழைக்காலம் தாண்டி எடுத்துப் பார்த்தால் பிஸ்டன் அசையவில்லை. என் அப்பா ஆயில் இன்ஜினோடு இருபது வருடம் மல்லுக்கட்டி, பிறகு போர்செட்டுக்குக் கரண்ட் மோட்டார் வைத்தவர். அவர்தான், "இதுக்கும் மோட்டார் வச்சா என்னடா?" என்றார்.

வைக்கலாம். இன்ஜின், சைலன்சர் குழாய், எரிபொருள் டேங்க், கிளட்ச், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குட்டி மோட்டாரான த்ராட்டில் சர்வோ எல்லாம் வெளியே வந்துவிடும். சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், ஷாக் அப்சார்பர், சக்கரம், ஸ்டியரிங் சர்வோ அப்படியே இருக்கும், வண்டியின் விலையில் பெரும்பகுதி அதில்தானே இருக்கிறது. புதிதாக வாங்க வேண்டியது ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், அதை இயக்கும் ஸ்பீடு கன்ட்ரோலர், லித்தியம் பாலிமர் பேட்டரி, மோட்டார் முனையில் மாட்டும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். நாங்கள் போட்டது 2000 கேவி மோட்டார், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று. நாலு செல் பேட்டரி 14.8 வோல்ட், பெருக்கினால் 29,600 சுற்று வருகிறது. பழைய இன்ஜினும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் சுற்றியது, அதனால் பல்சக்கரக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

மோட்டாரைப் பிடிக்கும் தகடுதான் கடையில் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் அறுவடை மிஷினுக்கும் டிராக்டருக்கும் புஷ் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரரிடம் இன்ஜினையே கொண்டு போய்க் கொடுத்தோம். 6 மில்லி அலுமினியத்தில், மோட்டாரை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளும்படி ஓட்டையை நீளவாக்கில் வெட்டித் தந்தார். பினியனுக்கும் வண்டியிலுள்ள பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று தம்பி மகன் கேட்டபோது அவர் பக்கத்தில் கிடந்த உங்கள் நாளிதழின் ஓரத்தைக் கிழித்து, பற்களுக்கு நடுவே விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகை முடுக்கினார். பிறகு சக்கரத்தைக் கையால் உருட்ட, காகிதம் பல் பல்லாக மடிந்து கிழியாமல் வெளியே வந்தது. அவ்வளவுதான் அளவு. பையன் அந்தத் துண்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

செய்யப்போகிறவர்கள் இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு வேண்டிய கரண்டை ஸ்பீடு கன்ட்ரோலரே கொடுத்துவிடும், பழைய ரிசீவர் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், இரண்டையும் சேர்த்து மாட்டக் கூடாது. இன்னொன்று, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்துக்கு நேராகச் சேஸியின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) அடியில் ஒரு திறப்பு இருக்கும். அதைத் தகடு வைத்து அடைக்காமல் குடமுருட்டி மணலில் ஓட்டினோம், பத்து நிமிடத்தில் மணல் முழுக்கப் பல்சக்கரத்தில் அரைபட்டு பினியன் போய்விட்டது. முதல் தடவை வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சக்கரம் தரையில் படாமல் சோதித்துவிட்டு இறக்குங்கள்.

இப்போது சாயங்காலம் தண்ணீர் இல்லாத ஆற்றில் ஓட்டினால் மணல் சீறுகிற சத்தம் மட்டும்தான். முன்பெல்லாம் அக்ரஹாரம் வரை கேட்கும், திட்டு வாங்குவோம். ரிவர்ஸும் வருகிறது, பழைய இன்ஜினில் அது கிடையாது.

பேட்டரி ஆபத்தில்லாதது என்று சொல்ல மாட்டேன். செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது, சும்மா வைப்பதானால் 3.8-ல் வைக்க வேண்டும். நாங்கள் சிமென்ட் தரையில் மண்சட்டியில் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறோம், ஆள் பக்கத்தில் இல்லாமல் போடுவதில்லை. அப்படியும் தகரக் கொட்டகைச் சூட்டில் ஒன்று அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. அதைக் குப்பை வண்டியில் போட எனக்கு மனசில்லை, அழுத்தும்போது கிழிந்தால் தீப்பிடிக்கும், வண்டியில் நிற்கிற தூய்மைப் பணியாளருக்குத்தான் ஆபத்து. விசாரித்துப் பார்த்தேன், எங்கள் ஊரில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. விற்றவரிடம் கேட்டால் கூரியரில் எடுக்க மாட்டார்கள் என்கிறார். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-லேயே வந்து, தயாரிப்பாளர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டன. மின்சார ஸ்கூட்டர்கள் ஒவ்வொரு தெருவிலும் வந்துவிட்ட பிறகும் மாவட்டத்துக்கு ஓர் இடமாவது வேண்டாமா? டெல்டா மாவட்டங்களில் எந்த அலுவலகத்தில் இதைக் கொடுக்கலாம் என்று உங்கள் நிருபர் விசாரித்து ஒரு செய்தி போட்டால் உதவியாக இருக்கும். அதுவரை அது கொல்லைப்புறத்தில் மணல் நிரப்பிய சட்டியில் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், திருவையாறு