‘16 கோர்’ என்று எழுதாதீர்கள்: வன்னியின் கணனிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கணனி விற்கும் அண்ணன்மாருக்கும், பாடசாலைகளுக்காக விலைமனு கோரும் அபிவிருத்திச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கணனியின் மூளையான சிப்புக்குள் (சி.பி.யு.) தனித்தனியாகக் கணக்குப் போடுகிற பகுதிதான் கோர்; ஒரு கோர் ஒரே நேரத்தில் ஓட்டுகிற வேலை வரிசைதான் திரெட். விலைமனுவில் கோர் எத்தனை, திரெட் எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். திரெட் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு சிப்பைத் தெரிவு செய்யாதீர்கள், கழித்தும் விடாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒரு பாடசாலைக் கணனி அறைக்காக வந்த விலைமனுவை அண்மையில் என்னிடம் காட்டினார்கள். கடையின் பெயர் வேண்டாம். ‘ஐ5, 14ஆம் தலைமுறை, 16 கோர்’ என்று அச்சடித்து, கீழே விலையும் போட்டு, இறப்பர் முத்திரையும் குத்தியிருந்தது. அந்தச் சிப் ஐ5 14400. அதில் இருப்பது 10 கோர்: பெரியது 6, சிறியது 4. பெரிய கோர் ஒவ்வொன்றும் இரண்டு திரெட் ஓட்டும், சிறியது ஒன்றுதான் ஓட்டும். ஆறிரண்டு பன்னிரண்டு, அதோடு நாலு, ஆக 16. கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். வின்டோஸ் காட்டுகிற 16 கட்டங்களை எண்ணி எழுதியிருப்பார். ஆனால் காசு கனடாவில் இருக்கும் பழைய மாணவர்களுடையது. அவர்களில் ஒருவர் இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, “10 என்றுதானே கிடக்கு, மிச்சம் ஆறும் எங்கே?” என்று வட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றது அதிபர்.

ஒரு கோரில் இரண்டு திரெட் ஓடுவதால் அது இரண்டு கோர் ஆகிவிடாது. கோருக்குள் கணக்குப் போடும் பகுதிகள் பல உண்டு. ரேமில் இருந்து தரவு வந்து சேரும்வரை அவற்றில் பல சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் இன்னொரு திரெட்டின் வேலையை உள்ளே விடுவதுதான் எஸ்.எம்.ரி; இன்டெல் அதற்கு வைத்த பெயர் ஹைப்பர் திரெடிங். நெல் ஆலையில் ஒருவர் அடுத்த மூட்டையை லான்ட்மாஸ்டரில் இருந்து இறக்கப் போன நேரம் பார்த்து, பின்னால் நிற்பவரின் நெல்லைக் கொட்டுகிற மாதிரி. மெசின் ஒன்றுதான். முதல் ஆளின் மூட்டைகள் எல்லாம் ஏற்கனவே வாசலில் இறங்கிக் கிடந்தால், இரண்டாவது ஆளை உள்ளே விட்டுப் பெரிய இலாபம் இல்லை.

இது புதுச் சரக்கும் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டல்சன், எக்கர்ஸ், லெவி ஆகியோர் 1995இலேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். இன்டெல் 2002இல் முதலில் செர்வர் சிப்புக்கும், நவம்பரில் 3.06 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4க்கும் இதைக் கொண்டுவந்தது. சிப்பின் பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவான இடத்தைச் செலவழித்து 30 சதவீதம் வரை வேகம் கூட்டலாம் என்பதுதான் அப்போது அவர்கள் சொன்ன கணக்கு. செய்தவனே 30க்கு மேலே போகவில்லை. நாங்கள் 100 என்று சொல்லி விற்கிறோம்.

அந்த 20, 30 சதவீதம் கிடைக்கிற இடங்கள் உண்டு. கலியாண வீடியோ ரெண்டர் செய்கிற ஸ்டூடியோக்காரருக்குக் கிடைக்கும். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளை பெரிய புரோகிராம் ஒன்றைக் கொம்பைல் செய்தால் கிடைக்கும். கேமில் பெரும்பாலும் தெரியாது. சில கேம்களில் இதை நிறுத்திவிட்டால் ஒன்றிரண்டு பிரேம் கூடுவதும் உண்டு. சாதாரணதரப் பிள்ளைகள் வேர்ட்டும் எக்செலும் பழகுகிற அறையில் ஒரு வித்தியாசமும் இருக்காது. அந்த அறைக்கு எஸ்.எஸ்.டி., 16 ஜி.பி. ரேம், கரண்ட் நின்றால் கோப்பைச் சேமிக்க நேரம் தருகிற ஒரு யு.பி.எஸ். இவைதான் முதலில் வேண்டும்.

இனித்தான் சிக்கல். 2024 ஒக்டோபரில் வந்த இன்டெல்லின் ஏரோ லேக் சிப்புகளில் ஹைப்பர் திரெடிங் இல்லை. முந்தைய ஐ9 14900கே என்பது 24 கோர், 32 திரெட். அதன் இடத்துக்கு வந்த கோர் அல்ட்ரா 9 285கே 24 கோர், 24 திரெட். கடதாசியில் பார்த்தால் கால்வாசி குறைந்துவிட்டது. ஆனால் ரெண்டர் மாதிரிப் பல கோரும் சேர்ந்து ஓடும் வேலைகளில் புதியது பின்னால் போகவில்லை, மின்சாரமும் குறைவாகத்தான் எடுத்தது, ஏனென்றால் சிறிய கோர்களை நன்றாகப் பலப்படுத்திவிட்டார்கள். கேமில்தான் பழையதிடம் தோற்றது. அதையும் திரெட் போனதன் தலையில் கட்ட முடியாது. ரேமுக்குப் போய் வருகிற தாமதம் அதில் பெரிய காரணம்.

இந்த நிலையில் ‘குறைந்தது 16 திரெட்’ என்று விலைமனுக் கோரலில் எழுதினால் என்ன நடக்கும்? 14 கோர், 14 திரெட் கொண்ட கோர் அல்ட்ரா 5 245 வாசலிலேயே கழிந்துவிடும். அதைவிட மெதுவான 14400 உள்ளே வந்துவிடும். அந்த வரியைப் பெரும்பாலும் எவரும் யோசித்து எழுதுவதில்லை. பழைய மனு ஒன்றைப் பார்த்து எழுதுவதுதான். மறுபக்கமும் பாருங்கள். 2011இல் வந்த ஐ7 2600 என்பது 4 கோர், 8 திரெட். 2022இல் வந்த ஐ3 12100 என்பதும் 4 கோர், 8 திரெட். ‘ஐ7, 8 திரெட்’ என்று எழுதி முதலாவதைப் பாவித்த பெட்டியில் போட்டு விற்றால், வாங்குபவர் நல்ல பேரம் என்றுதான் நினைப்பார். ஒரு கோரின் வேகத்தில் அந்த ஐ3 பக்கத்தில் பழைய ஐ7 நிற்கவே முடியாது. அதோடு வின்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை; வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. 2017இல் ரைசன் சிப்புகளோடு எஸ்.எம்.ரி.யைக் கொண்டுவந்தது, இன்றும் விடவில்லை: 9700எக்ஸ் 8 கோர், 16 திரெட். அங்கேயும் எதிர்பார்ப்பை அடக்கித்தான் வைக்க வேண்டும். 2024இல் அந்த 9000 வரிசை வரும்போது, ஒரே கடிகார வேகத்தில் சராசரியாக 16 சதவீதம் முன்னேற்றம் என்று சொன்னார்கள். கேமுக்காக வாங்கியவர்களில் பலருக்கு அவ்வளவு கண்ணில் படவில்லை.

அப்புறம், “அடுத்த வருடம் வருவது பயங்கரமாம், பொறுத்து வாங்குங்கோ” என்று சொல்லும் பழக்கம். எஸ்.எம்.ரி.யைக் கைவிட்டதால் போட்டியில் பின்தங்கினோம், திரும்பக் கொண்டுவருகிறோம் என்று இன்டெல் தலைவர் லிப் பூ டான் 2025இல் சொன்னது செர்வர் சிப்புகளைப் பற்றி. மேசைக் கணனிக்கான இன்டெல்லின் நோவா லேக் வரிசையில் 52 கோர் என்று அடிபடுவது வதந்திக் கணக்கு. அதைச் சொல்லி உயர்தர ஐ.சி.ரி. மாணவனை ஒரு வருடம் கணனி இல்லாமல் இருத்திவிடாதீர்கள். இன்று தேவைப்படுகிறவருக்கு இன்று இருப்பதை விற்கலாம். பிறகு சிப்பை மட்டும் மாற்ற விரும்புகிறவருக்கு ஏ.எம்.டி. சிப் பொருத்துகிற ஏ.எம்.5 மதர்போர்டைக் காட்டலாம். 2027வரையாவது அதற்குச் சிப் வரும் என்று ஏ.எம்.டி. வாக்குக் கொடுத்திருக்கிறது.

சங்கத்தாருக்கு ஒன்று. பெட்டிகள் வந்ததும் கையெழுத்து வைக்க முதல் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் டாஸ்க் மனேஜர் வரும்; அதில் பெர்ஃபோமன்ஸ், அதற்குள் சி.பி.யு. கீழே கோர் ஒரு வரியிலும் திரெட் இன்னொரு வரியிலும் இருக்கும். திரெட்டுக்கு ‘லொஜிக்கல் புரொசசர்ஸ்’ என்று போட்டிருக்கும். மேலே வலப்பக்கம் சிப்பின் முழுப் பெயர். மூன்றும் விலைமனுவோடு ஒத்துவந்தால் கையெழுத்து வையுங்கள். இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி ஏற்றச் சொல்லுங்கள். ‘குறைந்தது இத்தனை திரெட்’ என்ற வரியை எடுத்துவிட்டு, சிப்பின் முழுப் பெயரும் வந்த வருடமும் கேட்கிற மாதிரி விலைமனுக் கோரல் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கேட்கிற பாடசாலைக்குக் காசு வாங்காமல் தருவேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் கணனி திருத்துகிற ஒருவன்