ஆண்டறிக்கை: குளத்தின் எல்லையில் நெட்டி மாலை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கைவினைஞர் பெருமக்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஊர்க் குளத்தை மீட்கும் முயற்சியை மனு கொடுப்பதோடு நிறுத்தாமல், நம் கைத்தொழிலையே அதற்குச் சாட்சியாக்குவது என்று சென்ற பேரவையில் முடிவெடுத்தோம். அது நடந்த விதத்தையே இவ்வறிக்கை பெரும்பாலும் எடுத்துரைக்கிறது.

நெட்டி, நீர் தேங்கும் ஏரி குளங்களில் வளரும் செடி. அதைக் காயவைத்துத் தோல் சீவினால் கிடைக்கும் வெண்ணிறத் தக்கையை மெல்லிதாக அரிந்துதான் தஞ்சைப் பெரிய கோயிலின் மாதிரிகளும், மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குக் கட்டும் மாலைகளும் செய்யப்படுகின்றன. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் குறியீடு தொழிலின் பெயரைக் காக்குமே அன்றி, செடி நிற்கும் தண்ணீரைக் காக்காது. நம் குளத்தின் ஒரு பகுதி மண்மேடாகி, எஞ்சியதை ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மூடிவிட்டதால், நம் மாலைக்காரர்கள் வெளியூர்க் குளங்களுக்குச் சென்று நெட்டி அறுத்து வருகிறார்கள். சந்தையிலோ நெட்டி மாலைக்கு முன்பே பிளாஸ்டிக் மாலை வந்துவிடுகிறது.

மார்கழி முழுவதும் சங்கக் கூடத்தில் மாலை கோக்கும் பணி நடந்தது. தொடக்கத்திலேயே மூத்த கைவினைஞர் ஒருவர், சாமிக்கும் மாட்டுக்கும் கட்டுகிற மாலையில் கோரிக்கையை எழுதித் தொங்கவிடுவது முறையா என்று கேட்டார். இரண்டு கூட்டங்களில் இதைப் பேசி, மாலையில் ஓர் எழுத்தும் வேண்டாம், அது கட்டப்படும் இடமே பேசட்டும் என்று முடிவு செய்தோம். அவர் கேட்டிராவிட்டால் வெறும் அட்டைகளைத்தான் சுமந்திருப்போம் என்பது என் கருத்து. பொதுக் காரியம் என்று சொல்லிக் கைவினைஞரின் உழைப்பை இலவசமாகப் பெறும் வழக்கம் எங்கும் உள்ளது. நாம் அதைச் செய்யவில்லை. கற்றுக்கொடுத்த நாட்களுக்கும் சேர்த்து முழுக் கூலி கொடுத்தோம். செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது.

காணும் பொங்கலன்று, வருவாய்த் துறையின் புல வரைபடத்தை வைத்துக்கொண்டு, குளத்தின் பழைய எல்லை நெடுகிலும் மூங்கில் ஊன்றி மாலையைக் கட்டினோம். அது கரையில் மட்டும் போகவில்லை. குப்பை மேட்டைக் கடந்து, நெல் வயலுக்குள் இறங்கி, ஒரு வீட்டின் சுற்றுச்சுவரையும் தாண்டிச் சென்றது. அவ்வீட்டுக்காரரும் நம் உறுப்பினரே. சற்று நேரம் பேசாமல் நின்றவர், பின்பு தாமே கதவைத் திறந்து மாலையை உள்ளே வாங்கிக்கொண்டார். வரைபடத்தைப் பலமுறை பார்த்தவர்களுக்கும் குளத்தின் அளவு அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஊர்வலத்தில் ஃபிளெக்ஸ் பேனருக்குப் பதிலாகக் கருப்பூர்க் கலம்காரி முறையில் மூங்கில் எழுதுகோலால் வரைந்த துணிகளைப் பிடித்துச் சென்றோம்.

ஜனவரி 26 கிராம சபையில், நிரவப்பட்ட ஒரு கிராமக் குளம் தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படித்துக்காட்டி, குளத்தை அளந்து எல்லைக்கல் நடக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றினோம். அதன் பின்னும் அளவீடு நடைபெறவில்லை; நினைவூட்டல் கடிதங்களுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. இது வருத்தத்திற்குரியது. குளத்து மூலையில் நாம் தூவிய நெட்டி விதையும் ஆகாயத்தாமரை மறுபடி படர்ந்ததால் மேலெழவில்லை.

ஆகவே வரும் ஆண்டில், மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரும் முன்பே வரத்து வாய்க்காலைத் தூர்வாரி, வேரோடு களை எடுத்து, மழைக்கு முன் நெட்டிக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்க வேண்டும். அப்பணிக்கு வீட்டுக்கு ஒருவர் வரவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். காணும் பொங்கலன்று கட்டிய மாலை சங்கக் கூடத்தில் பத்திரமாக உள்ளது. அளவீட்டு நாளில் அதே எல்லையில் மீண்டும் கட்டப்படும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையை வேண்டுகிறேன்.

செயலாளர்